பல்கலைக்புரட்சி

1. சேர்ந்த நாள்

2004-இல் சிதம்பரத்தில், பல்கலைக்கழகம் போகும் சாலையில், கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் ஒரு டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு ஐம்பது வயது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதில் மூன்று வகுப்பு ரங்கூனில், இரண்டு வகுப்பு இங்கே அகதி முகாமில். இரண்டு நாட்டில் படித்தவள் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்வேன்.

போனது என்னவோ பெருக்கித் துடைக்கத்தான். கடைக்காரர் சலீம் பாய், பரங்கிப்பேட்டைக்காரர். கீபோர்டில் விரல் ஓடுவது கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு வேகம். ஆனால் அடித்ததைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் கிடையாது. பார்ப்பதற்கு எம்.ஏ. படித்த ஒருவரை வைத்திருந்தார். அன்றைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகைக்குத் திருத்தம் பார்த்தார்கள். எம்.ஏ. சார் பிரிண்டைக் கையில் எடுத்து மளமளவென்று படித்துவிட்டு, "சரியா இருக்குது பாய்" என்றார். மேசைக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"குற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை..."

சலீம் பாய் திரும்பினார். "யக்கா, என்னா படிச்ச?"

"இருக்கறத படிச்சேன் பாய்."

அவர் பிரிண்டை வாங்கிப் பார்த்தார். 'சு' விழ வேண்டிய இடத்தில் 'கு' விழுந்திருந்தது. "பாத்தீங்களா சார், நீங்க படிச்சவரு. சுற்றமும்னுதான் இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். அதனால அப்பிடியே படிச்சிட்டீங்க. இந்தக்காவுக்குத் தெரியாது. இருக்கறத படிச்சிச்சி" என்றார். என்னைப் பார்த்து, "நாளையிலேருந்து தொடப்பத்த வெச்சிட்டு பேப்பரப் புடி" என்றார்.

அந்த மாப்பிள்ளை வீட்டார் எனக்குப் பழக்கம். பத்திரிகையை அப்படியே விட்டிருக்கலாமோ என்று இப்போதும் நினைப்பதுண்டு.

2. படிக்கிற முறை

என் வேலை இதுதான். வாடிக்கையாளர் கையால் எழுதிக் கொடுத்த தாளை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். பாய் திரையைப் பார்த்துக்கொண்டே வருவார். ஒரு எழுத்து மாறினாலும் "நில்லு" என்பார், திருத்துவார். நான் எழுத்தை மட்டும் படித்தால் போதாது, குறிகளையும் படிக்க வேண்டும். கமா வந்தால் கமா. முற்றுப்புள்ளிக்குப் புள்ளி. புதிதாக ஆரம்பித்தால் பத்தி. ஒருத்தர் சொன்னதை அப்படியே எழுதி, இரண்டு பக்கமும் மேலே சின்னக் கொக்கி போட்டிருப்பார்கள் இல்லையா, அதற்கு இங்கிலீஷில் கோட்டு. ஆரம்பித்தால் "கோட்டு தொற", முடிந்தால் "கோட்டு மூடு".

ஒரு வருடத்தில் இது நாக்கில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் பேரனைச் சாப்பிடக் கூப்பிடும்போதும் "வா கமா சோறு ஆறுது புள்ளி" என்று வந்துவிடும். மருமகள் ஒரு வாரம் பயந்துபோய் இருந்தாள். பிறகு அவளும் ஆரம்பித்துவிட்டாள்.

என் பெயர் பவுனம்மா. பர்மாவிலிருந்து கப்பல் ஏறும்போது காதில் மூக்கில் இருந்ததையெல்லாம் அந்த ஊர் அதிகாரிகள் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். எங்கப்பா என் தலையில் தட்டி, "இந்தப் பவுன மட்டும் வுட்டுட்டானுங்க" என்பார். பெயரோடு சரி.

3. ஆராய்ச்சி வந்தது

2012-இல் ஒருநாள் அந்தோணிசாமி சார் வந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். நாற்பது தாண்டியவர். வேலை பார்த்துக்கொண்டே பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர். ஆறு வருடத்துச் சனிக்கிழமை முழுவதையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். நானூறு பக்கம், எல்லாம் கையெழுத்து.

முதல் பக்கத்தைப் படித்தேன். "ஆங்கிலேயர் ஆட்சியும் பிந்தைய புரட்சிகளும் புள்ளிமேல் புள்ளி எகிப்து கமா பர்மா கோடு ஓர் ஒப்பீடு."

"பர்மாவா?" என்றேன்.

"ஆமாம்மா. ரெண்டு நாட்டையும் வெள்ளைக்காரன் ஆண்டான். ரெண்டு நாட்டுலயும் அவன் போனப்புறம் ராணுவ ஆபீசருங்க ஆட்சியப் புடிச்சாங்க. ரெண்டு பேரும் அதுக்கு புரட்சின்னு பேரு வெச்சாங்க. அத ஒப்பிடுறேன்."

"நானு அங்க..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, நீங்க அர்த்தத்தப் பத்திக் கவலப்படாதீங்க. எழுத்த மட்டும் படிங்க. டைம் இல்ல" என்றார்.

டைம் இல்லாதது உண்மை. ஆராய்ச்சியைக் கொடுக்க இரண்டு தடவை நாள் நீட்டி வாங்கிவிட்டார். மூன்றாவது கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்களாம். அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழக ஆபீசில் ஐந்து காப்பி போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருடமும் ரத்து. பட்டம் கிடைத்தால் காலேஜ் வேலைக்குப் போகலாம் என்று அவர் வீட்டம்மா பட்டம் வாங்குகிற விழாவுக்குப் புடவைகூட எடுத்து வைத்திருக்கிறதாம். அதையும் அவரே சொன்னார்.

அப்போது கரண்ட் இரண்டு மணி நேரம் இருந்தால் இரண்டு மணி நேரம் இருக்காது. கரண்ட் இருக்கும்போது அடிப்போம். இல்லாதபோது வாசலில் நாற்காலி போட்டு, பிரிண்டை வைத்துப் படிப்போம். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

4. சேஞ்ச் ஆல்

கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை. அடித்து முடித்தாகிவிட்டது. அந்தோணிசாமி சாரின் கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற பேராசிரியர், போனில் வந்தார். சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னாய்யா, கலகம் கலகம்னு எழுதி வெச்சிருக்க? அது வெள்ளைக்காரன் வெச்ச பேரு. சிப்பாய்க் கலகம்னு அவன் எழுதுனத நாம சிப்பாய்ப் புரட்சின்னு மாத்தலயா? எல்லா எடத்துலயும் புரட்சின்னு போடு. ஒரே சீரா இருக்கணும். இல்லன்னா கையெழுத்துப் போடமாட்டேன்."

"சரிங்க சார், சரிங்க சார்" என்று நின்றபடியே பேசி வைத்தார். அப்புறம் வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். "பாய், களகம்னு வர்ற எடமெல்லாம் புரட்சின்னு மாத்திடுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடிச்சி."

இங்கே நன்றாகக் கவனியுங்கள். எங்கள் பக்கத்து நாக்கில் ல, ழ, ள மூன்றும் ஒரே அறையில் படுத்துத் தூங்கும். கலகமும் களகம்தான். கழகமும் களகம்தான்.

சலீம் பாய்க்கு எந்தக் களகம் விழுந்ததோ, கம்ப்யூட்டரில் 'கழகம்' என்று போட்டார். ஒரே அமுக்கில் எல்லா இடத்தையும் மாற்றுகிற சேஞ்ச் ஆல் அமுக்கினார். பொறுப்பான மனுசன். கழகம், கழகத்தின், கழகத்தில் என்று ஒவ்வொரு வாலாகப் பிடித்து நாலைந்து தடவை மாற்றினார். அதற்குள் கரண்ட் போய் யு.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சேவ் பண்ணினார். பென் டிரைவிலும் அதையே ஏற்றினார். மெஷினை அணைத்துவிட்டுப் பெருமையாக என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலை அந்தோணிசாமி சார் லீவு போட்டுவிட்டு வந்து டீயோடு உட்கார்ந்தார். நான் புதுப் பிரிண்டை எடுத்துப் படித்தேன்.

"பல்கலைக்புரட்சியின் முனைவர் பட்டத்திற்காக அளிக்கப்படும் ஆய்வேடு புள்ளி."

சார் டீயைக் கீழே வைத்தார். "என்னாம்மா படிச்சீங்க?"

"இருக்கறத."

பாய் நாலு பக்கம் தள்ளிப் பிரித்துக் கொடுத்தார். நான் நிறுத்தாமல் படித்தேன். "கெய்ரோவில் ஆங்கிலேயர் ஒரு விளையாட்டுக் புரட்சி நடத்தினர் புள்ளி அதில் உள்ளூர் மக்களைச் சேர்ப்பதில்லை புள்ளி."

"ஐயோ, அது கிளப்பும்மா. விளையாட்டுக் கழகம்" என்றார்.

"ரங்கூனிலும் அவர்கள் படகுக் புரட்சி வைத்திருந்தனர் புள்ளி."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சார் முகத்தைப் பார்த்தபிறகு சிரிப்பு நின்றது. பேய் அறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பாய், நான் என்னா சொன்னேன், நீங்க என்னா செஞ்சீங்க?"

"நீங்க களகம்னீங்க. நானும் களகத்ததான் மாத்துனேன்."

"அது வேற களகம் பாய்."

"அத மொதல்லயே சொல்லணும் சார்."

திருப்பி மாற்றுகிற வழியும் இல்லை. புரட்சியையெல்லாம் கழகமாக மாற்றினால், நிஜமாகவே புரட்சி என்று எழுதியிருந்த இடமும் கழகம் ஆகிவிடும். கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஒன்றுதான். கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புரட்சியாக நிறுத்தி, நீ யார் என்று கேட்டால்தான் உண்டு. அன்றைக்குப் புதன்கிழமை.

5. ஒவ்வொரு புரட்சியாக

நான் கையெழுத்தைப் படித்தேன். பாய் திரையில் தேடினார். சார் நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். கழகம் என்றால் திருப்பிக் கழகம். கலகம் என்றால், கைடு சொன்னபடி புரட்சி.

முதலில் சுலபமாகத்தான் போனது. எகிப்தில் வெள்ளைக்காரனை எதிர்த்து ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். வெள்ளைக்காரன் ஏட்டில் அது கலகம். மாற்றினோம். பர்மாவில் விவசாயிகள் வரி கட்டமுடியாமல் எழுந்தார்கள். அதையும் கலகம் என்று எழுதி வைத்திருந்தான். மாற்றினோம். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

சாயந்திரம் நாலு மணிக்கு ஒரு பக்கம் வந்தது. வெள்ளைக்காரன் போய்ப் பதினாலு வருடம் கழித்து, பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த இடம். சார் தன் கையால் 'ராணுவக் கலகம்' என்று எழுதியிருந்தார்.

"இதயும் புரட்சின்னு மாத்தணுமா?" என்று கேட்டேன்.

"மாத்துங்கம்மா. எல்லாம் ஒரே சீரா போடச் சொல்லிட்டாரு. அவுங்களே புரட்சிக் கவுன்சில்னுதான் பேரு வெச்சிருந்தாங்க."

"பேரு யாரு வேணும்னாலும் வெப்பாங்க வாத்தியாரே. என் பேரு பவுனு."

பாய் திரையைவிட்டுக் கண்ணை எடுத்தார். நான் தாளை மடியில் வைத்தேன்.

"எங்கப்பா ரங்கூன்ல சுண்டல் கட வெச்சிருந்தாரு. ஒருநாளு சிப்பாயிங்க வந்து கடையில இருந்ததயெல்லாம் எழுதிக்கினு போனாங்க. மறுநாளு பலக மாட்டுனாங்க. பர்மீசுல மக்கள் கடைன்னு போட்டு ஒரு நம்பரு. எங்கப்பா படிச்சிட்டு வந்து எங்கம்மாகிட்ட கேட்டாரு, 'மக்கள் கடையின்னு போட்டிருக்கான், அப்ப நம்மல்லாம் யாரு?'ன்னு. கொஞ்ச நாள்ல கப்பல்."

சார் மெதுவாகச் சொன்னார். "அவுங்களுக்கும் ஒரு கோவம் இருந்திச்சிம்மா. வெள்ளைக்காரன் கூட்டிட்டு வந்த நம்ம ஆளுங்க வட்டிக்குக் குடுத்து நெலத்தயெல்லாம் புடிச்சிட்டாங்கன்னு. நானே எழுதியிருக்கேன், மூணாவது அத்தியாயத்துல."

"படிச்சேன். கோவம் நியாயந்தான். எங்கப்பா கடையில நெலம் இல்ல சார். சுண்டலுதான் இருந்திச்சி."

பாய் சிரித்துவிட்டார். சாரும் சிரித்தார், ஆனால் உடனே நிறுத்திக்கொண்டார்.

"சரி, எகிப்துல?" என்றேன். "அங்க யாரு கடைக்காச்சும் பலக மாட்டுனாங்களா?"

அவர் தாள்களைப் புரட்டினார். அவர் எழுதியதுதான், எகிப்துப் பகுதியின் கடைசியில் இரண்டே வரி. பல தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்த கிரேக்கர், யூதர், இத்தாலியர் பலர் சொத்தை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனார்கள்.

"அப்ப அங்கயும் ஒரு பொண்ணு கப்பல்ல அழுதுக்கினே போயிருப்பா. நான் கட்டுச்சோறு எங்கன்னு கேட்டு அழுதேன். அவ எதுக்கு அழுதாளோ."

"ஆனா அங்க வேறயும் நடந்திச்சிம்மா" என்றார் சார். அவருக்குக் குரல் வந்துவிட்டது. "எழுபது வருசமா ஒக்காந்திருந்த வெள்ளைக்காரப் பட்டாளம் அப்பதான் வெளிய போச்சி. விவசாயிக்கு நெலம் வந்திச்சி. கால்வாய் அவுங்க கைக்கு வந்திச்சி. ஜனங்க தெருவுல ஆடுனாங்க. பர்மாவுல வெள்ளைக்காரன் ஏற்கெனவே போயாச்சி. ராணுவம் எறக்குனது ஜனங்க ஓட்டுப்போட்ட ஆட்சிய." தான் சொன்னதைத் தானே கேட்டவர் மாதிரி நிறுத்தினார். "ரெண்டும் ஒண்ணு இல்லல்ல?"

"அத நீங்கதான் சொல்லணும். நான் எழுத்த மட்டும் படிக்கிறவ."

பிறகு சார் கேட்டார். "புரட்சின்னு போடலன்னா கைடு கையெழுத்துப் போடமாட்டாரு. போட்டா எனக்கே சரியாப் படல. என்னாம்மா பண்றது?"

எனக்கு ஆராய்ச்சி தெரியாது. தொழில் தெரியும். "அது யாரு வாயிலேருந்து வந்த வார்த்த? அவங்க வாயின்னா கோட்டு தொற, புரட்சி, கோட்டு மூடு. உங்க வாயின்னா வெளிய போடுங்க. கைடு சொன்ன வார்த்தயும் இருக்கும், நீங்க நெனச்சதும் இருக்கும்."

சார் பேனாவை எடுத்தார். வியாழக்கிழமை மத்தியானம் வரை அந்த வேலைதான். பர்மா ராணுவத்தின் புரட்சி ஒவ்வொன்றையும் பிடித்துக் கோட்டுக்குள் போட்டோம். எகிப்தின் கடைசியில் கிடந்த அந்த இரண்டு வரியைச் சார் எடுத்து, பர்மா கப்பலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். எங்கப்பா பலகையைப் பார்த்துக் கேட்ட கேள்வியையும் அங்கேயே எழுதினார். எகிப்துப் புரட்சியைச் சில இடத்தில் வெளியே விட்டார், அந்தக் கடைக்காரர்கள் வருகிற இடத்தில் மட்டும் கோட்டுக்குள் போட்டார். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி யோசித்துத்தான் சொன்னார். அந்த நானூறு பக்கத்தில் அவர் நிஜமாகவே ஒப்பிட்டது அந்த ஒரு நாளில்தான் என்பது என் அபிப்பிராயம்.

6. கைடு வந்தார்

வியாழன் மூன்று மணிக்கு கைடே கடைக்கு வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசல் வெளிச்சத்தில் நின்று பக்கம் புரட்டினார். கரண்ட் இல்லை. அந்தோணிசாமி சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற மனுசன்.

"என்னாய்யா இது? ஒரு புரட்சி வெளிய நிக்குது, ஒரு புரட்சி உள்ள நிக்குது. ஒரே சீரா இருக்கணும்னு சொன்னேன்ல?"

"சீரா இல்ல சார்." கட்டிய கையை அவிழ்த்தார். "ரெண்டும் சீரா இல்ல. அதான் சார் ஒப்பீடு."

கைடு நிமிர்ந்து பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். உட்கார்ந்தார். அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தார். பாய் டீ வாங்கி வைத்தார், அது ஆறிப்போனது. நான் பாட்டுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாளைக்கு ஐந்து மணிக்கு ஒரு குடும்பத்தின் ஆறு வருடம் போனால், அதில் பாதி என் வாயால்தான்.

"இந்த மக்கள் கடை பலக, அதப் பாத்து ஒருத்தரு கேட்ட கேள்வி. எந்த புக்குல இருக்குது?"

"புக்குல இல்ல சார்."

"பின்ன யாரு சொன்னது?"

சார் என்னைப் பார்த்தார். நான் சுற்றாத ஃபேனைப் பார்த்தேன்.

"அம்மா பர்மாவா?" என்றார் கைடு.

"பொறந்தது அங்க. பொழப்பு இங்க."

"அப்ப என்னா வயசு?"

"பத்து."

"பலகைய நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். பச்சப் பலக. ஆணி அடிக்கறப்ப எங்கப்பா ஏணியப் புடிச்சிக்கினாரு. சிப்பாயி வுழுந்துடப் போறான்னு."

கைடு தாளை நேராக அடுக்கி மடியில் தட்டினார். அந்தோணிசாமி சாரைப் பார்த்துச் சீறினார்.

"ஏன்யா, நேர்ல பாத்த ஆளு கெடச்சிருக்கு. கேட்டு எழுதியிருக்க. அடிக்குறிப்பு எங்க? இதக்கூடவா சொல்லிக் குடுக்கணும்? இப்பவே போடு. போட்டாதான் கையெழுத்து."

சாருக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. நாற்பது நிமிடம் காத்திருந்தோம். கரண்ட் வந்தது. பாய் ஒன்பது பாயிண்ட் எழுத்தில் அடித்தார். நான் எழுந்துபோய்த் திரையில் படித்தேன். "நேர்காணல் கமா பவுனம்மா கமா வயது ஐம்பத்தெட்டு கமா சிதம்பரம் புள்ளி."

"அம்பத்தஞ்சுன்னு போடுங்க" என்றேன்.

"ஆராய்ச்சியில பொய் எழுதக்கூடாதும்மா" என்றார் கைடு.

"அப்ப அம்பத்தஞ்ச கோட்டுக்குள்ள போட்டுடுங்க. நான் சொன்னதுதான்."

அவர் அப்போது ஐந்து காப்பிக்கும் சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பேனா கொஞ்சம் இழுத்துவிட்டது. ஐந்து காப்பியில் ஒன்றில் அவர் கையெழுத்து இப்போதும் வால் நீளமாகத்தான் இருக்கும்.

7. வெள்ளிக்கிழமை

காலையில் பைண்டிங். மூன்றரை மணிக்கு சார் ஆட்டோவில் போனார். நாலேகாலுக்கு போன் வந்தது. "சீல் வெச்சாச்சிம்மா" என்றார். பின்னால், ஆபீசுக்கே வந்திருந்த அவர் வீட்டம்மா குரல் கேட்டது. சில மாதம் கழித்து நடந்த வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் மக்கள் கடைப் பலகை வருகிற அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் அரைமணி நேரம் கேட்டாராம். பட்டம் வந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் மூன்று பாடம் எடுத்துக்கொள்ளலாம். சேஞ்ச் ஆல் அமுக்குமுன் வேறு பெயரில் ஒரு காப்பி சேவ் பண்ணுங்கள். வாயால் சொல்கிறவரிடம் பல்லு லவா, பழம் ழவா, பள்ளம் ளவா என்று கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். ஒரு பெரிய வார்த்தை வந்தால், அது யார் வாயிலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

அந்தப் புத்தகம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அடிக்குறிப்புக்குப் போட்ட கோட்டுக்குக் கீழே, சின்ன எழுத்தில் நானும் இருக்கிறேன். பார்க்கப் போகிறவர்கள் கண்ணாடி எடுத்துக்கொண்டு போகவும். வயதை மட்டும் படிக்க வேண்டாம்.